எழுநூற்று நாற்பத்து நான்காம் நாள்

சைக்கிள்காரர்களுக்கு வாழைப்பழம் எடுத்துக் கொடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வலது கையில் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம் என்று தெரிந்தவர்கள் கொடுத்த வேலை அது. யாரும் குத்திக்காட்டுவதற்காகச் செய்யவில்லை. வேனில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் பழத்தார் இருந்தது, அவ்வளவுதான். யோசிக்காமல் செய்கிறவர்கள்மேல் கோபப்பட்டால் கட்டுப்படியாகாது. ஆனாலும் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாற்பது பேர், மூன்று நாள், நூற்று எண்பது கிலோமீட்டர். ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் புறப்பட்டு வாலாஜாபாத், உத்திரமேரூர், வந்தவாசி, செய்யாறு, காஞ்சிபுரம் என்று சுற்றி ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி அதே கேட்டுக்கு வர வேண்டும். உடம்போடு ஒட்டிய கால்சட்டை, தலையில் ஓட்டை ஓட்டையான ஹெல்மெட். முன்னால் எம்.டி., அவர் பின்னால் மேனேஜர்கள், அவர்களுக்கும் பின்னால் சென்னையிலிருந்து வந்த சிநேகிதர்கள். கிராமங்கள் வழியாகப் போகிறோம் என்று ஆசையாகப் புறப்பட்டவர்களுக்கு முதல் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு கிராமமும் கண்ணில் படவில்லை. காம்பவுண்டுச் சுவர், கண்டெய்னர் லாரி, மறுபடி காம்பவுண்டுச் சுவர். ஒருவர் வேனுக்குப் பக்கத்தில் வந்து, வில்லேஜ் எப்போது வரும் என்று ஓட்டுநரிடம் கேட்டார். வில்லேஜ் ஆட்களான நாங்கள் அந்தச் சுவர்களுக்குப் பின்னால்தான் வேலை செய்தோம். ஓட்டுநர், இதோ வந்துவிடும் சார் என்றார்.

வேனின் இரண்டு பக்கமும் பேனர் கட்டியிருந்தது. ‘ஆயிரம் விபத்தில்லா நாட்கள். கையிழந்தோருக்காக ஒரு சைக்கிள் பயணம்.’ கீழே என் படம். போகிற இடமெல்லாம் நன்கொடை திரட்டி, கை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கை வாங்கித் தருவதுதான் பயணத்தின் நோக்கம். முதல் கை எனக்கு. அதற்குப் பதிலாக, நிற்கும் ஊர்களில் எல்லாம் நான் மைக்கைப் பிடித்து, என் கை எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். கரும்பு ஜூஸ் பிழியும் மெஷினில் போனது என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கரும்பு ஜூஸ்கூடப் பிழிந்தது கிடையாது.

என் பெயர் லூர்தம்மாள். ஊர் பிள்ளைப்பாக்கம். கணவர் மஞ்சள் காமாலையில் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே பெண் ஷெர்லின், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். அந்தக் கேட்டுக்குள் ஒன்பது வருஷம் காண்ட்ராக்டில் பிரஸ் அடித்தேன். கார் கதவுக்கான கீல் தகடு. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு பீஸ். பிரஸ் மெஷினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பச்சைப் பட்டன்கள். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை என்கிற கனத்த இரும்பு அச்சு மேலிருந்து இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது என்பது அதைச் செய்தவனின் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் அப்படி அடித்தால் ஆயிரத்து இருநூறு பீஸைத் தாண்டாது.

அதனால் ஒவ்வொருவரிடமும் ஒரு தகடு இருக்கும். ஸ்கிராப்பில் கிடக்கும் துண்டை இரண்டாக மடித்து, வலது பட்டனுக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் இடையில் சொருகினால் பட்டன் அழுந்தியே நிற்கும். பிறகு வலது கையால் பீஸ் வைக்கலாம், இடது கையால் அடிக்கலாம். ஆடிட் வருகிற அன்று தகடு இடுப்புக்குப் போய்விடும், ஆடிட்டர் போனதும் திரும்பி வந்துவிடும். சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். தெரியாதவர்கள்போல இருப்பது அவர்கள் வேலை. தகடு ஓரம் விரலைக் கீறும் என்று என்னுடையதில் மட்டும் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிவைத்திருந்தேன். லூர்து தகட்டுக்குக்கூடச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறாள் என்று லைனில் கேலி செய்வார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு உண்டு. விபத்தில்லா நாட்கள் என்று எழுதி, கீழே எண் பலகைகள் தொங்கும். தினமும் காலையில் செக்யூரிட்டி ஒரு எண்ணைக் கூட்டி மாட்டுவார். விபத்து என்று ஒன்று பதிவானால் அன்றைக்கே பூஜ்யம். இருநூற்றைம்பது நாளுக்கு ஒரு தடவை, பூஜ்யம் ஆகாமல் இருந்தால், காண்ட்ராக்ட் ஆள் உள்பட எல்லோருக்கும் ஒரு பொருள் கொடுப்பார்கள். இருநூற்றைம்பதாவது நாள் ஹாட்பாக்ஸ். ஐந்நூறாவது நாள் சுவர்க் கடிகாரம். எழுநூற்றைம்பதாவது நாள் ஐந்து லிட்டர் குக்கர் என்று மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

என் கை போனது எழுநூற்று நாற்பத்து நான்காம் நாள், பகல் பன்னிரண்டரை மணிக்கு.

பீஸ் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. அதை நேராக்க வலது கையை உள்ளே விட்டேன். இடது கை பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டது. என் கையை என் கையே அடித்தது. முதலில் வலிக்கவில்லை. நான்கு விரலும் டையின் அந்தப் பக்கம் கிடந்தன, பக்கத்து மெஷினில் கங்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கங்காவின் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். சீர்வரிசையில் குக்கர் ஒன்றுதான் பாக்கி, கம்பெனி குக்கர் வந்துவிடும் என்று அவள் லைன் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ரத்தம் சொட்டச் சொட்ட எனக்கு ஞாபகம் வந்தது என் லைனில் நாற்பது பேருக்கு வரவேண்டிய நாற்பது குக்கர்.

லைன் சூப்பர்வைசர் டெனிசன் ஓடி வந்தான். அவன் என் ஓரகத்தியின் தம்பி, என்னை அக்கா என்பான். துண்டால் கையைச் சுற்றி, காண்ட்ராக்டரின் ஆட்டோவில் ஏற்றினான். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பெனி விபத்து என்று எழுத வேண்டுமே என்று அவன் முனகியபோது நான்தான் சொன்னேன்.

“எழுதாதடா. ஆறு நாளு தான் கீது. எல்லார் வாயிலயும் மண்ணப் போட்டுடாத.”

தனியார் நர்சிங் ஹோம் ஒன்றில் நிறுத்தினான். எதிரில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றிருந்தது. நர்ஸ் எப்படி ஆனது என்று கேட்டாள். டெனிசன் என்னைப் பார்த்தான். நான் அந்த வண்டியைப் பார்த்தேன். கரும்பு மெஷின் என்று என் வாயால் நான்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆறு நாள் கழித்து கங்கா குக்கரை என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் ஒன்று ஒதுக்கியிருந்தார்களாம். அதன் மூடியைத் திருகித் திறக்க நான்கு விரல் வேண்டும். ஷெர்லின்தான் திறப்பாள். காயம் ஆறியதும் வேலைக்குப் போனேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று காண்ட்ராக்டர் கேட்டார், நியாயமான கேள்வி மாதிரி. கரும்பு மெஷினில் போன கைக்குக் கம்பெனி என்ன செய்யும்?

ஆறு மாதம் கழித்து எங்கள் மாதா கோவில் ஹாலில் செயற்கைக் கை முகாம் போட்டார்கள். அளவெடுத்தவர் இளம்பரிதி என்ற டெக்னீஷியன், சின்ன வயசு, அதிகம் பேசாதவர். நர்சிங் ஹோம் சீட்டில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த முகாமை நடத்திய டிரஸ்டுக்குத்தான் கம்பெனி சைக்கிள் பயணத்தில் வருகிற பணம் போகிறது என்பது எனக்குத் தெரியாது. கேட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரி, பெண், விதவை என்று டிரஸ்டில் என் படத்தைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எச்.ஆர். நம்பிராஜனுக்கு வியர்த்திருக்கும். ஏனென்றால் அவருக்கு எல்லாம் தெரியும்.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், மரியாதையாகத்தான் பேசுவார். எம்.டி.க்கு இது ஒன்றும் தெரியாது, என் படத்தைப் பார்த்து அவரே சரி சொல்லிவிட்டார், இனி மாற்ற முடியாது என்றார். ஆயிரமாவது நாளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், போர்டு பொய் என்று தெரிந்தால் ஆர்டர் போகும், ஆர்டர் போனால் நானூறு குடும்பம் போகும் என்று விரல்விட்டு எண்ணினார். அவருக்கு எண்ண விரல் இருந்தது. கடைசியாக, ஷெர்லின் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார்.

“குவாலிட்டியில ஒரு இடம் இருக்கும்மா. ஏசி ரூம். வெள்ளைத் தொப்பி. நீங்க சீட்டுல உள்ளதத்தானே சொல்லப் போறீங்க, புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

எங்கள் கம்பெனியில் தொப்பியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். குவாலிட்டிக்கு வெள்ளை, ஸ்டோர்ஸுக்கு நீலம், பிரஸ் ஷாப்புக்கு மஞ்சள். ஒன்பது வருஷம் மஞ்சள் தொப்பியில் வெந்தவள் நான். ஷெர்லின் ஒன்றரை வருஷமாக பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை கேட் கேட்டாக ஏறி இறங்குகிறாள். மூலையில் நின்றிருந்தவளின் முகத்தில் வெள்ளைத் தொப்பி என்றதும் ஒரு வெளிச்சம் வந்தது. நான் சரி என்றேன். என் கைக்கு இனி எதுவும் வரப்போவதில்லை, என் பெண்ணாவது ஏசி ரூமில் உட்காரட்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முதல் தடவை சொன்னேன். நாக்கு குழறியது. மெஷின் எங்கே வைத்திருந்தேன் என்று யாரோ கேட்டுவிட, மைக்கை நம்பிராஜனிடம் நீட்டிவிட்டேன். இடம் சொல்லுங்க, நேரம் சொல்லுங்க, அப்பத்தான் நம்புவாங்க என்று நம்பிராஜன் வேனில் பாடம் எடுத்தார். உத்திரமேரூரில் தேறிவிட்டேன். தண்டலத்தில் காலேஜுக்கு எதிரில் வண்டி போட்டிருந்தேன், சாயங்காலம் கடைசிக் கரும்பு, எலுமிச்சையும் இஞ்சியும் வைத்து மடித்து மறுபடி உள்ளே விட்டேன், வளையல் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். வளையலை நானாகச் சேர்த்தேன். இரண்டு டீச்சர்கள் அழுதார்கள். எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்றுதான் நினைக்கிறேன். அழ வேண்டியதற்கு அழாமல் வேறு எதற்கோ அழுதுகொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் வழியெல்லாம் பச்சை வயல். சைக்கிள்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்று நடும் பெண்களோடு நின்று படம் எடுத்தார்கள், மாட்டு வண்டியைப் பார்த்து இறங்கினார்கள். முன்னால் போலீஸ் ஜீப் போனதால் லாரி, பஸ் எல்லாம் ஓரம் கட்டி நின்றன. எங்கள் பக்கத்தில் ஷிப்டுக்கு சைக்கிளில் போகிற ஆட்களை ஒரு கண்டெய்னர்காரனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஓரம் கட்டி நின்ற ஒரு டவுன் பஸ்ஸின் ஜன்னலில் யூனிபார்ம் போட்ட பெண்கள் மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் லேட் ஆனால் கேட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

வந்தவாசியில் கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் செந்தாமரை, எதிரில் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருக்கிறவள். இருபது வருஷமாக அதே வண்டியாம். ஜூஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பயணத்தில் அதுவரை யாரும் அந்தக் கையைத் தொட்டதில்லை. படம் மட்டும் எடுத்தார்கள்.

தன் இடது கையை நீட்டினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் சப்பையாக, நகமில்லாமல், கோணிக்கொண்டு இருந்தன.

“இது தான் கரும்பு மெஷினு. அது இசுக்கும், நசுக்கும், முழங்கை வரிக்கும் பிச்சிக்கினு போவும். இப்பிடி ஸ்கேல் வெச்ச மாரி வெட்டாது. உன்து இன்னா மெஷினு?”

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் விடுவதாக இல்லை.

“யாருக்காக சொல்ற?”

“பொண்ணுக்காக” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு நானும் நான்கு வார்த்தை சொல்லியிருப்பேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, உன் வலியை என் வண்டிமேல ஏத்திட்ட, நாளைக்கு என் வண்டிக்கு எவன் வருவான் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு முகம் எரிந்தது. நாற்பது பெரிய மனிதர்களும் ஊர் ஊராக வந்த கூட்டமும் நம்பிய பொய்யை, அந்தத் தொழில் தெரிந்த ஒருத்தி இரண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டாள். அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் கையை ஒருத்தி சரியாகப் பார்த்தாள் என்கிற ஆறுதலும் கூடவே இருந்தது.

செய்யாறில் வளையலை விட்டுவிட்டேன். காஞ்சிபுரத்தில் மூன்று வாக்கியத்தில் முடித்துக்கொண்டேன். சுருதி இறங்கிவிட்டதே என்று நம்பிராஜன் கேட்டார், தொண்டை கட்டிவிட்டது என்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை, கேட்டில் சொல்லிவிட்டால் ஷெர்லினுக்கு வெள்ளைத் தொப்பி. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சொல்லிவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் ஏறினேன்.

கேட்டுக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். போர்டைப் பட்டுத்துணியால் மூடியிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் மிக்ஸி பெட்டிகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன, ஆயிரமாவது நாள் பரிசு. என் லைன் ஆட்கள் மஞ்சள் தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கங்கா கை ஆட்டினாள். சைக்கிள்கள் வந்து சேர்ந்ததும் மாலை போட்டார்கள், பேண்டு வாசித்தார்கள். எம்.டி. துணியை இழுத்தார். ஆயிரம் என்று போர்டில் பார்த்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்ட வேண்டியிருந்தது, தொடையில் தட்டினேன்.

முதலில் ஷெர்லினைக் கூப்பிட்டார்கள். அப்பாயின்ட்மென்ட் கடிதம், ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. பிறகு நம்பிராஜன் ஒரு தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

மஞ்சள்.

ஏதோ மாற்றி எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேடைப் படிக்கட்டில் நின்ற டெனிசனிடம் கேட்டேன். குவாலிட்டியில் ஆள் நிரம்பிவிட்டது, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள் என்றான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“பிரஸ்ல தான்க்கா ஒரு எடம் காலி கீது.”

“யாரு எடம்டா?”

அவன் தன் ஷூவைப் பார்த்தான். மேடையில் ஷெர்லின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். படம் எடுத்தார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். இளம்பரிதி ஒரு பெட்டியைத் திறந்து, ரப்பரில் செய்த நான்கு விரலை உறை மாதிரி என் கையில் மாட்டிவிட்டார். மடங்காது, பிடிக்காது, பார்வைக்குத்தான். என்னைவிட நாலு மடங்கு வெளுப்பு. மைக்கை அந்த விரல்களுக்கு நடுவில் சொருகினார்கள். அது நழுவியது, இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

யோசித்துப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த கோபம் பேசியது.

“என் கை கரும்பு மெஷின்ல போவல. இந்த கேட்டுக்குள்ள, மூணாம் நம்பர் பிரஸ்ல போச்சி. எழுநூத்தி நாப்பத்தி நாலாவது நாளு. இந்த போர்டுல இன்னிக்கு எரநூத்தி அம்பத்தாறு தான் போட்டிருக்கணும்.”

வெளிநாட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்று கேட்டார்கள். எம்.டி. நம்பிராஜனைத் திரும்பிப் பார்த்தார். நான் மேனேஜர்களைப் பார்க்கவில்லை. கீழே என் லைனைப் பார்த்தேன். நாற்பது பேரும் பார்த்தவர்கள். தரையில் கிடந்த ரத்தத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியவர்கள். ஒருத்தி எழுந்து, ஆமாம் என்றால் போதும். அவர்கள் மிக்ஸி பெட்டிகளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கங்கா எழுந்தாள்.

“லூர்து, எறங்கி வா. ஒடம்புக்கு முடியலன்னா ஏன் ஏறுன?” என்றாள்.

அதற்குள் என் கையிலிருந்து மைக்கை யாரோ வாங்கினார்கள். நம்பிராஜன் என்று நினைத்தேன். ஷெர்லின்.

“மன்னிச்சிக்கோங்க சார். அம்மா மூணு நாளா வெயில்ல அலைஞ்சிருக்காங்க. கை போனதுலேர்ந்து மாத்திரை சாப்பிடறாங்க, அப்பப்ப இப்படி மாத்திப் பேசுவாங்க. கரும்பு மெஷின்லதான் போச்சு. நான் பக்கத்துல இருந்தேன்.”

குரல் நடுங்கவே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே சொன்னாள். நர்சிங் ஹோமில் நான் சொன்ன மாதிரியே, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். கூட்டம் மூச்சு விட்டது, பிறகு கை தட்டியது. முதலில் தட்டியது என் லைன். எம்.டி. அவள் தோளில் தட்டி, தைரியமான பெண் என்று மைக்கில் சொன்னார். அவர் கண் மறுபடி கலங்கியிருந்தது.

இளம்பரிதி என்னைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். அளவெடுத்த அன்றே தனக்குத் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். இந்தப் பக்கத்தில் அவர் அளவெடுக்கிற கைகளில், சீட்டுப்படி, பாதி கரும்பு மெஷின், மீதி புல் வெட்டும் மெஷின். மாடே இல்லாத வீடுகளில் புல் வெட்டும் மெஷின் என்றார். பிறகு ஏன் எழுதினாய் என்று கேட்டேன். எழுதாவிட்டால் டிரஸ்டுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரும் ஒரு லைனில்தான் நிற்கிறார்.

எனக்கும் ஒரு மிக்ஸி கொடுத்தனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷெர்லினை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கியது வலது கை, வெளுத்த ரப்பர் விரலோடு. அவள் விலகவில்லை. மூலையில் இருந்த குக்கரைக் காட்டினாள்.

“நீயும் அன்னிக்கு எழுதாதன்னு சொன்ன இல்ல? ஊருக்காக நீ சொன்ன. நான் வூட்டுக்காகச் சொன்னேன். ஒன்றரை வருஷமா நான் ஏறாத கேட் இல்லம்மா.”

ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன். அந்தக் கேட்டுக்குப் போகாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் இப்போது அது செல்லாது. அதனால் இரண்டு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்து, இதுதான் பட்டன், இரண்டு கையும் இதில் இருந்தால்தான் மெஷின் இறங்க வேண்டும், யார் தகடு கொடுத்தாலும் வாங்காதே, பீஸ் கவுண்ட் வராவிட்டால் திட்டு வாங்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சரிம்மா, சரிம்மா என்றாள். ஷூவைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை அவளுக்கு ஏ ஷிப்ட், காலை ஷிப்ட். சாயங்காலம் நாலு மணிக்கு வந்தாள். வாசலிலேயே நிறுத்தி கையைக் காட்டு என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்தாள். பத்து விரலும் இருந்தன, நகத்தில் எண்ணெய்க் கறுப்பு. மூச்சு வந்தது எனக்கு. போர்டில் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஆயிரத்து ஒன்று என்றாள்.

காபி போட உள்ளே போனேன். அவள் யூனிபார்மைக் கழற்றிக் கொடியில் போடும்போது பையிலிருந்து ஏதோ தரையில் விழுந்து கணீரென்றது. குனிந்து எடுத்தேன். இரண்டாக மடித்த தகடு. மேலே சுற்றிய பச்சைத் துணி எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது, ஆனால் ஒரு இழைகூடப் பிரியவில்லை. என் புடவை. நான் போட்ட முடிச்சு.

“டெனிசன் மாமா குடுத்தாரு” என்றாள். “ரெண்டு கையால அடிச்சா மதியம் வரிக்கும் ஐந்நூறு கூட வரலம்மா. எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. எல்லாரும் இதத்தான் வெக்கிறாங்க.”

நான் அதைத் தூக்கி எறியக் கையை ஓங்கினேன். ஷெர்லின் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், இதமாகத்தான் பிடித்தாள்.

“எறியாத. இத எறிஞ்சா நாளைக்கு வேற தகடு குடுப்பாங்க, அதுல துணி இருக்காது. இது கைய அறுக்கல.”

அது உண்மைதான். கையை அறுக்கக் கூடாது என்றுதான் அன்றைக்கு அவ்வளவு கவனமாகச் சுற்றினேன்.